எதிராளியின் ஜாதகம்: அமெரிக்க காங்கிரஸ் வேட்பாளரைத் துருவிப் பார்ப்பது பற்றிய கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிப்பவர்கள் 'ஆப்போ' என்ற சொல்லைக் கடந்து வந்திருப்பார்கள். எதிர்க்கட்சி வேட்பாளரின் பின்னணியையும் பதிவுகளையும் தோண்டி எடுக்கும் வேலைக்கு அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. ஆப்போசிஷன் ரிசர்ச் என்பதன் சுருக்கம். இந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே கோட்டைவிடுகிறது என்பதற்கு, பொய்யான தன்விவரத்தோடு 2022இல் காங்கிரஸ் தேர்தலில் ஜெயித்த ஜார்ஜ் சான்டோஸ் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அவரைச் சுற்றியே வரும். காங்கிரஸ் என்று இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தைத்தான்.

இது ஒற்று வேலையா?

இல்லை. தொண்ணூறு சதவீதம் காகித வேலை. ஒரு அறையில் உட்கார்ந்து நீதிமன்றக் கோப்பு, சொத்துப் பத்திரம், நிறுவனப் பதிவு, பழைய பேட்டி, அழிக்கப்பட்ட ட்வீட் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலை. கறுப்புக் கண்ணாடி, ரகசியச் சந்திப்பு எல்லாம் சினிமாவில்தான். இதைச் செய்கிறவர்களில் பலர் கல்லூரியை முடித்து ஓரிரு வருடமே ஆன இளைஞர்கள். நாள் முழுக்கப் பிடிஎஃப் படிக்கப் பொறுமை இருந்தால் போதும்.

எடுத்த தகவல்களை எல்லாம் கோத்து ஒரு தடிமனான அறிக்கை தயாரிப்பார்கள். அதற்கு 'புக்' என்று பெயர். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரமில்லாத வரியை விளம்பரத்தில் போட்டால் தொலைக்காட்சி நிலையத்துக்கு எதிர்த்தரப்பு வக்கீலின் நோட்டீஸ் வரும். வேட்பாளர் அல்லாத வெளிக் குழுவின் விளம்பரம் என்றால் நிலையம் அதை நிறுத்தியும் விடலாம்.

யார் செய்கிறார்கள்?

காங்கிரஸின் கீழ்ச் சபையான பிரதிநிதிகள் சபையின் தேர்தலுக்கென்றே இரண்டு கட்சிகளும் தனித்தனிக் குழு வைத்திருக்கின்றன. ஜனநாயகக் கட்சிக்கு டிசிசிசி, குடியரசுக் கட்சிக்கு என்ஆர்சிசி. இரண்டிலும் ஆய்வுப் பிரிவு உண்டு. வெளியே ஜனநாயகக் கட்சிப் பக்கம் அமெரிக்கன் பிரிட்ஜ், குடியரசுக் கட்சிப் பக்கம் 2013இல் தொடங்கிய அமெரிக்கா ரைசிங் போன்ற அமைப்புகள் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கின்றன. கையில் காசு இருக்கும் வேட்பாளர் தனியாக ஒரு ஆய்வு நிறுவனத்தையும் அமர்த்திக்கொள்வார்.

எந்தெந்தக் காகிதங்களைப் பார்ப்பார்கள்?

முதலில் பணம். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில், அதாவது எஃப்இசியில், பிரச்சாரக் கணக்கு முழுவதும் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும். 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், வேலை, முதலாளி எல்லாம் இருக்கும். செலவும் அப்படித்தான்.

அடுத்தது சொத்து அறிக்கை. 1978ஆம் ஆண்டு அரசு நெறிமுறைச் சட்டத்தின்படி, 5,000 டாலருக்கு மேல் திரட்டிய அல்லது செலவழித்த சபை வேட்பாளர் தன் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைச் சபைச் செயலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தொகையைச் சரியாகச் சொல்லத் தேவையில்லை, 'பத்து லட்சம் முதல் ஐம்பது லட்சம் டாலர் வரை' என்று அகலமான வரம்பில் சொன்னால் போதும். இது ஒரு பெரிய ஓட்டை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தாமதமாகத் தந்தால் அபராதம் 200 டாலர். கோடீஸ்வரருக்கு அது காபிச் செலவு.

பிறகு நீதிமன்றம். கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளைப் பேசர் என்ற இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டிப் பார்க்கலாம். மாநில, மாவட்ட வழக்குகளுக்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை. சில இடங்களில் இன்னமும் நேரில் போய்க் கவுன்ட்டரில் கேட்டால்தான் கோப்பு கிடைக்கும். வீட்டு வாடகை வழக்கு, வரி பாக்கிக்காகச் சொத்தின்மேல் அரசு வைத்த உரிமைப் பதிவு, திவால் மனு எல்லாம் இங்கேதான் அகப்படும். எல்லாமே திறந்திருக்கும் என்றில்லை. நியூயார்க்கில் விவாகரத்துக் கோப்பை வெளியார் பார்க்க முடியாது.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் வேலை எளிது, ஆனால் மலைபோல் இருக்கும். அவர் போட்ட ஒவ்வொரு ஓட்டும் பதிவில் உண்டு. அலுவலகச் செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும். 2012ஆம் ஆண்டு ஸ்டாக் சட்டத்தின்படி, 1,000 டாலருக்கு மேல் பங்கு வாங்கினாலோ விற்றாலோ அதிகபட்சம் 45 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். புதுமுகத்துக்கு இதெல்லாம் கிடையாது. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவரே சொன்னதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம்மூரில் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம் போல அங்கே கிடையாதா?

கிடையாது. இந்தியாவில் 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளர் தன் கல்வித் தகுதி, சொத்து, குற்ற வழக்கு விவரங்களைப் படிவம் 26இல் சத்தியம் செய்து தர வேண்டும். பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. நடைமுறையில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள், ஆனால் காகிதமாவது இருக்கிறது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு நிற்க அரசியலமைப்பு கேட்பது மூன்றே மூன்று. வயது 25, குறைந்தது ஏழு வருடக் குடியுரிமை, அந்த மாநிலத்தில் வசிப்பு. எந்தக் கல்லூரியில் படித்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்று அரசு கேட்பதே இல்லை. சொத்து அறிக்கையில் பொய் சொன்னால் குற்றம். பிரச்சார இணையதளத்தில் 'நான் பட்டதாரி' என்று பொய் எழுதினால் குற்றமில்லை.

மேடையில் பொய் சொல்வது சட்டப்படி குற்றம் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. கலிஃபோர்னியாவில் ஒரு நீர் வாரியத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், தனக்கு ராணுவத்தின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்ததாகக் கூட்டத்தில் புளுகினார். அப்படிப் புளுகுவதையே குற்றமாக்கிய ஒரு சட்டம் அப்போது இருந்தது. அவர்மேல் வழக்குப் போட்டார்கள். யுனைடெட் ஸ்டேட்ஸ் எதிர் ஆல்வரெஸ் என்ற அந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. வெறும் பொய்யும் பேச்சுரிமைக்குள் வரும் என்றது. ஆக, பொய்யைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு போலீஸிடம் இல்லை. எதிர் வேட்பாளர், பத்திரிகை, வாக்காளர் இந்த மூன்று பேர் தலையில்தான்.

சான்டோஸ் யார்? என்ன நடந்தது?

நியூயார்க் மாநிலத்தின் மூன்றாவது தொகுதி. லாங் ஐலண்டிலுள்ள நாசோ கவுன்ட்டியின் ஒரு பகுதியும் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸில் ஒரு துண்டும் சேர்ந்தது. வசதியானவர்கள் அதிகம். 2020இல் சான்டோஸ் குடியரசுக் கட்சி சார்பில் நின்று, பதவியிலிருந்த டாம் சுவாசியிடம் தோற்றார். 2022 நவம்பரில் மறுபடி நின்று, ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் சிம்மர்மனைச் சுமார் 54க்கு 46 என்ற கணக்கில் தோற்கடித்தார்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதை இது: பரூக் கல்லூரிப் பட்டம், கோல்ட்மன் சாக்ஸிலும் சிட்டி குழுமத்திலும் வேலை, ஆயிரக்கணக்கான விலங்குகளைக் காப்பாற்றிய அறக்கட்டளை, யூத இன அழிப்பிலிருந்து தப்பிய தாத்தா பாட்டி.

2022 டிசம்பர் 19 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. பரூக் கல்லூரியில் அப்படி ஒருவர் பட்டம் பெற்ற பதிவு இல்லை. இரண்டு வங்கிகளும் எங்களிடம் அவர் வேலை பார்த்த பதிவு இல்லை என்றன. அறக்கட்டளைக்கு வரித்துறையில் பதிவு இல்லை. பிரேசிலில் ரியோ பக்கத்திலுள்ள நிட்டெராய் ஊரில் 2008இல் திருட்டுச் செக்கில் துணிக்கடையில் பொருள் வாங்கிய வழக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து, பட்டம் எதுவும் வாங்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர், தன்விவரத்தைக் கொஞ்சம் 'அலங்கரித்தது'.

தேதியைப் பாருங்கள். இந்த விவரங்களைக் கண்டுபிடிக்க டைம்ஸ் நிருபர்கள் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. கல்லூரியைக் கேட்டார்கள், வங்கியைக் கேட்டார்கள், நீதிமன்றக் கோப்பைப் பார்த்தார்கள். எல்லாம் ஓட்டுப்பதிவுக்கு முன்னாலும் செய்திருக்கக் கூடியவை. அதற்குள் ஓட்டு எண்ணி ஆறு வாரம் ஆகிவிட்டது.

அப்படியானால் எதிர்க்கட்சி எதையுமே கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்தது. அதுதான் வேடிக்கை. டிசிசிசி 2022 ஆகஸ்டில் சான்டோஸ் பற்றி 87 பக்கத்தில் ஒரு புக் தயாரித்திருந்தது. அறக்கட்டளைக்கு வரித்துறைப் பதிவு இல்லை என்பது அதில் இருந்தது. வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யவைத்த வழக்குகள் இருந்தன. ஹார்பர் சிட்டி கேப்பிட்டல் என்ற நிறுவனத்தில் அவர் வேலை பார்த்ததும் இருந்தது. முதலீட்டாளர் பணத்தைச் சுருட்டிய மோசடித் திட்டம் என்று பங்குச் சந்தை ஆணையம் 2021 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டிருந்தது. சான்டோஸ் அந்த வழக்கில் எதிர்மனுதாரர் இல்லை.

விட்டுப்போனவை பட்டம், வேலை, பிரேசில். அதாவது அவர் செய்ததைத் தேடினார்கள், அவர் சொன்னதைச் சோதிக்கவில்லை. இந்தத் தொழிலில் வழக்கமாகவே கண் போகும் இடம் கருக்கலைப்பில் என்ன நிலைப்பாடு, நாடாளுமன்றத் தாக்குதலில் முடிந்த 2021 ஜனவரி 6 டிரம்ப் கூட்டத்துக்குப் போனாரா, 2020 அதிபர் தேர்தல் முடிவை ஏற்றாரா என்பதுதான். ஓட்டைத் திருப்பும் ஆயுதம் அதுதான் என்று நினைக்கிறார்கள். ஒருவர் கல்லூரிக்குப் போனேன் என்றால் போயிருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் பட்டம் உண்மையா என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லவே நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மனிதவளத் துறையில் சாதாரண வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள்.

காலமும் ஒத்துழைக்கவில்லை. அந்த வருடம் நியூயார்க்கின் தொகுதி எல்லை வரைபடத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் உட்கட்சித் தேர்தல் ஆகஸ்ட் 23க்குத் தள்ளிப்போனது. சிம்மர்மன் தன் கட்சிக்குள்ளேயே ஐந்து பேர் போட்டியில் ஜெயித்துவிட்டு வரும்போது பொதுத்தேர்தலுக்குப் பதினொரு வாரம்தான் மிச்சம். கையிலிருக்கும் பணத்தை விளம்பரத்துக்குப் போடுவதா, இன்னும் தோண்டுவதற்குப் போடுவதா? விளம்பரம் ஜெயித்தது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் கல்லூரிக்கு ஒரு போன் போட எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியை அவர்களால் கடைசிவரை தட்டிக்கழிக்க முடியவில்லை.

சொந்தக் கட்சிக்காவது தெரியாதா?

சிலருக்குத் தெரிந்திருந்தது. இங்கே இன்னொரு வகை ஆய்வைச் சொல்ல வேண்டும். நல்ல பிரச்சாரக் குழு எதிராளியைத் தோண்டுவதற்கு முன் தன் வேட்பாளரையே தோண்டும். 'பலவீன ஆய்வு' என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு எதையெல்லாம் எடுக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, பதில் தயார் செய்வதற்காக.

சான்டோஸ் குழுவும் 2021 கடைசியில் அப்படி ஒன்றைச் செய்யச் சொன்னது. வந்த அறிக்கையில் பட்டம் இல்லை, வீடு காலி வழக்குகள் உண்டு, ஹார்பர் சிட்டித் தொடர்பு உண்டு என்றெல்லாம் இருந்தது. அதைப் படித்த ஆலோசகர்கள் சிலர் போட்டியிலிருந்து விலகிவிடுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார். அறிக்கையே தவறு, பட்டம் இருக்கிறது என்றார். சான்றிதழ் வந்தபாடில்லை. பலர் வேலையை விட்டுப் போனார்கள். போனவர்கள் வாயைத் திறக்கவில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒரு காரணம், அடுத்த வேலை இதே கட்சியில்தான் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

நாசோ கவுன்ட்டி கட்சித் தலைவர் ஜோசப் கெய்ரோ பின்னால் சொன்ன கதை இன்னும் ருசியானது. தான் பரூக் கல்லூரி வாலிபால் அணியின் நட்சத்திரம், கோப்பையே வென்றோம் என்று சான்டோஸ் அவரிடம் சொல்லியிருக்கிறார். கல்லூரிக்கே போகாதவர், அந்தக் கல்லூரி அணிக்கு ஆடிய கதை. வடிவேலு காமெடிக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

ஒரே ஒரு சின்ன வாரப் பத்திரிகை விழித்திருந்தது. லாங் ஐலண்டில் வெளிவரும் நார்த் ஷோர் லீடர். அதன் பதிப்பாளர் கிரான்ட் லாலி, முன்பு குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரஸுக்கு நின்றவர், எனவே இது எதிர்க்கட்சிப் பத்திரிகை என்று ஒதுக்கவும் முடியாது. சான்டோஸின் சொத்து திடீரென்று எப்படி இவ்வளவு ஏறியது என்று 2022 செப்டம்பரிலேயே எழுதியது. அக்டோபரில், கட்சிக்காரருக்கு ஆதரவு தர விருப்பம்தான், ஆனால் இந்த ஆள் கட்டுக்கதைக்காரர், போலி என்று எழுதிவிட்டு சிம்மர்மனை ஆதரித்தது.

பெரிய பத்திரிகைகளோ தொலைக்காட்சிகளோ அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் நலிந்துபோனதால் ஒரு தொகுதியின் வேட்பாளரை முழுநேரமாகப் பார்க்க ஆளில்லாமல் போனது என்பது பலரும் சொல்லும் காரணம். அது சரிதான். ஆனால் இங்கே எழுதிய பத்திரிகை இருந்தது. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

அந்தச் சொத்து அறிக்கையில் அப்படி என்ன இருந்தது?

இரண்டு காகிதம். 2020 தேர்தலுக்குத் தந்த அறிக்கையில் அவர் வருமானம் 55,000 டாலர் சம்பளம், சொல்லும்படி சொத்து எதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் தாமதமாகத் தந்த அறிக்கையில், டெவோல்டர் ஆர்கனைசேஷன் என்ற தன் சொந்த நிறுவனத்திலிருந்து 7,50,000 டாலர் சம்பளம், அதற்கு மேல் பத்து லட்சத்துக்குக் குறையாத ஈவுத்தொகை. இரண்டுக்கும் இடையில் இரண்டே வருடம்.

அந்த நிறுவனம் ஃப்ளோரிடாவில் பதிவானது 2021 மே மாதம், அதாவது ஹார்பர் சிட்டிமேல் வழக்கு வந்த மறுமாதம். வாடிக்கையாளர் பெயர் எதுவும் அறிக்கையில் இல்லை. ஆண்டு அறிக்கை தராததால் 2022 செப்டம்பரில் ஃப்ளோரிடா அரசு அதைக் கலைத்தும்விட்டது. இது எல்லாமே இலவசமாகப் பார்க்கக் கிடைத்த பொதுப் பதிவு.

199.99 டாலர் கதை என்ன?

எஃப்இசி விதிப்படி 200 டாலருக்கு மேற்பட்ட செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும். சான்டோஸ் குழுவின் கணக்கில் சரியாக 199.99 டாலர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட செலவுகள். சாப்பாடு 199.99, டாக்ஸி 199.99, மயாமி கடற்கரையில் நட்சத்திர ஹோட்டல் அறையும் அதே 199.99. ஒரு தடவை என்றால் தற்செயல். இந்த மாதிரி ஒரு நெடுவரிசையைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் பொறி தட்டிவிடும். ஆனால் ஆட்கள் கணக்கின் கூட்டுத்தொகையைப் பார்க்கிறார்களே ஒழிய வரிகளைப் படிப்பதில்லை.

ஆய்வு எப்போது எல்லை மீறுகிறது?

பொதுப் பதிவைப் பார்ப்பது ஆய்வு. ஏமாற்றியோ திருடியோ தனிப்பட்ட பதிவை எடுப்பது குற்றம். இரண்டு உதாரணம் போதும்.

2005இல் மேரிலாந்து துணை ஆளுநர் மைக்கேல் ஸ்டீல் காங்கிரஸின் மேல் சபையான செனட்டுக்கு நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜனநாயகக் கட்சி செனட் குழுவின் ஆய்வுப் பிரிவில் இருந்தவர்கள் அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணை, அதாவது அரசு தரும் தனிப்பட்ட அடையாள எண்ணை, வைத்து அவர் பெயரில் கடன் அறிக்கையை எடுத்துவிட்டார்கள். இருவர் பதவி விலகினார்கள். ஒருவர் பின்னால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2018இல் நடந்தது வேறு மாதிரி. வர்ஜீனியாவின் ஏழாவது தொகுதியில் நின்ற அபிகேல் ஸ்பான்பெர்கர் முன்பு சிஐஏயிலும் அதற்கு முன் அஞ்சல் துறை ஆய்வாளராகவும் வேலை பார்த்தவர். அமெரிக்கா ரைசிங் தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய பணிக் கோப்பைக் கேட்டது. கேட்டது சட்டப்படி சரி. அஞ்சல் துறை அவர் பாதுகாப்பு அனுமதிக்காக நிரப்பிய முழு விண்ணப்பத்தையும், சமூகப் பாதுகாப்பு எண்ணோடு, தூக்கிக் கொடுத்துவிட்டது. அதை வைத்து குடியரசுக் கட்சி ஆதரவு சூப்பர் பேக் ஒன்று, அதாவது வேட்பாளரைச் சாராமல் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்கும் குழு ஒன்று, அவரைத் தாக்கியது. தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அஞ்சல் துறை மன்னிப்புக் கேட்டது. ஸ்பான்பெர்கர் அந்தத் தேர்தலில் ஜெயித்தார், 2025இல் வர்ஜீனியா ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கையில் வந்து விழுந்தது தனிப்பட்ட காகிதம் என்று தெரிந்த பிறகும் அதைப் பயன்படுத்தியதுதான் என் பார்வையில் அசிங்கம்.

ஹேக் செய்து எடுத்தது கிடைத்தால்?

2016இல் டிசிசிசியின் கணினிகளுக்குள் ரஷ்ய உளவுத்துறை புகுந்தது. தன் வேட்பாளர்கள் பற்றி டிசிசிசி எழுதிவைத்திருந்த குறிப்புகள் 'கூசிஃபர் 2.0' என்ற பெயரில் வெளியே வந்தன. ஃப்ளோரிடாவின் 26ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்குள் ஜோ கார்சியாவும் ஆனெட் டாடெயோவும் மோதிக்கொண்டிருந்தபோது அந்த ஆவணங்கள் உள்ளே விழுந்தன. டாடெயோ தோற்றார். பிறகு பொதுத்தேர்தலில் குடியரசுக் கட்சி ஆதரவுக் குழு ஒன்று அதே திருட்டு ஆவணத்தை கார்சியாவுக்கு எதிராக விளம்பரத்தில் போட்டது. அவரும் தோற்றார். தன் வேட்பாளரின் பலவீனத்தை எழுதிவைக்கும் வழக்கத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

கேமராவும் கையுமாக வேட்பாளர் பின்னாலேயே அலைகிறவர்கள் யார்?

அவர்களை 'டிராக்கர்' என்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் முழுப் பேச்சையும் பதிவு செய்வதுதான் வேலை. பெரும்பாலும் அலுப்பான வேலை. ஒரே பேச்சை நாற்பது ஊரில் கேட்க வேண்டும்.

பிரபலமான சம்பவம் செனட் தேர்தலில் நடந்தது. 2006 ஆகஸ்ட் 11, வர்ஜீனியாவில் பிரேக்ஸ் என்ற ஊர். செனட்டர் ஜார்ஜ் ஆலன் பேசிக்கொண்டிருந்தார். எதிராளி ஜிம் வெப்பின் பிரச்சாரத்திலிருந்து எஸ்.ஆர். சித்தார்த் என்ற கல்லூரி மாணவர் கேமராவோடு வந்திருந்தார். இந்திய வம்சாவளி, வர்ஜீனியாவிலேயே பிறந்தவர். ஆலன் அவரைக் கைகாட்டி 'மகாகா' என்று குரங்கினப் பெயரால் அழைத்து, அமெரிக்காவுக்கு நல்வரவு என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யூடியூப் அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்த நேரம். வெப் 10,000க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். செனட்டே கை மாறியது.

கண்டுபிடித்ததை எப்படி வெளியிடுவார்கள்?

சிறந்ததை நிருபர் ஒருவரிடம் கொடுப்பார்கள். கட்சி சொன்னால் அரசியல், பத்திரிகை சொன்னால் செய்தி. நிருபர் தன் பங்குக்குச் சோதித்துவிட்டுத்தான் எழுதுவார், எழுதாமலும் போகலாம். சிம்மர்மன் தரப்பு சில விவரங்களை நிருபர்களிடம் கொண்டுபோயும் பெரிதாக எடுபடவில்லை. மீதி, விளம்பரத்துக்கும் தபாலில் வரும் துண்டறிக்கைக்கும் போகும்.

இன்னொரு தந்திரம் உண்டு. சூப்பர் பேக்குகள் வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது என்பது சட்டம். பொதுவெளியில் இருப்பதை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. எனவே கட்சிகள் ஆய்வை இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுகின்றன. சாதாரண வாசகர் அந்தப் பக்கத்துக்குப் போகவே மாட்டார். போக வேண்டியவர்கள் போவார்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எழுதுவதால் 'ரெட் பாக்ஸ்' என்று பெயர்.

கடைசியில் சான்டோஸுக்குப் பொய் சொன்னதற்காகவா தண்டனை கிடைத்தது?

கல்லூரி, வாலிபால், தாத்தா பாட்டி எதற்கும் இல்லை. பணத்துக்கு. 2023 மே மாதம் 13 குற்றச்சாட்டு, அக்டோபரில் 23 ஆனது. கட்சியின் தேசியக் குழு தன் உதவித் திட்டத்தில் சேர்க்க, ஒரே காலாண்டில் வெளியாரிடமிருந்து 2,50,000 டாலர் திரட்டிக் காட்டச் சொல்லியிருந்தது. அதற்காக உறவினர் பெயரில் பொய் நன்கொடைகளை எழுதினார்கள். சொந்தப் பணம் 5,00,000 டாலர் கடனாகப் போட்டதாகவும் கணக்கு தந்தார்கள். அப்போது அவர் வங்கிக் கணக்குகளில் இருந்தது 8,000 டாலருக்கும் குறைவு. நன்கொடையாளர்களின் கிரெடிட் கார்டிலிருந்து அவர்களுக்கே தெரியாமல் பணம் எடுத்தது, சொத்து அறிக்கையில் பொய், சம்பளம் வாங்கிக்கொண்டே கோவிட் கால வேலையின்மை உதவித்தொகை வாங்கியது என்று பட்டியல் நீளும். வேலையின்மை உதவி மோசடியைத் தடுக்கும் மசோதாவுக்கு இணைந்து கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது தனிக்கதை.

2023 டிசம்பர் 1 அன்று சபை 311க்கு 114 என்ற கணக்கில் அவரை வெளியேற்றியது. அமெரிக்க வரலாற்றில் அப்படி வெளியேற்றப்பட்ட ஆறாவது உறுப்பினர். 2024 ஆகஸ்டில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2025 ஏப்ரலில் 87 மாதச் சிறைத்தண்டனை. டிசிசிசி புக்கும் 87 பக்கம். ஜூலையில் உள்ளே போனவரை, அதிபர் டிரம்ப் அக்டோபரில் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

இதற்குப் பிறகு அந்தத் தொகுதியில் ஆட்களைச் சோதித்தார்களா?

2024 பிப்ரவரி 13 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி மாஸி பிலிப்பை நிறுத்தியது. இந்தத் தடவை அவர் பெயர் அடிபட்டதுமே நிருபர்கள் பதிவுகளைக் கிளறினார்கள். கிடைத்தவற்றில் ஒன்று, அவர் வாக்காளர் பட்டியலில் ஜனநாயகக் கட்சியாகப் பதிவாகியிருந்தது. பழைய டாம் சுவாசியே திரும்பி வந்து ஜெயித்தார்.

ஒரு சாதாரண வாக்காளர் இதையெல்லாம் தானே பார்க்க முடியுமா?

முடியும், ஒரு சனிக்கிழமை மதியம் போதும். சபைச் செயலர் இணையதளத்தில் வேட்பாளரின் சொத்து அறிக்கையை இறக்குங்கள். முன்பு நின்றவர் என்றால் பழைய அறிக்கையையும் இறக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்இசி தளத்தில் செலவுப் பட்டியலைத் தொகை வாரியாக வரிசைப்படுத்துங்கள், ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தெரிந்துவிடும். தொண்டு நிறுவனம் நடத்துகிறேன் என்பவருக்கு வரித்துறையின் தேடல் பக்கம் இருக்கிறது. தன் நிறுவனம் என்பவருக்கு அந்த மாநிலத்தின் நிறுவனப் பதிவேடு. மாற்றி எழுதப்பட்ட தன்விவரத்தின் பழைய வடிவம் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பெரும்பாலும் இருக்கும். சான்டோஸின் இணையதளத்திலும் தன்விவரம் அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்தது. ஒன்று மட்டும் கவனம். எஃப்இசி பட்டியலில் இருக்கும் நன்கொடையாளர் பெயர், முகவரிகளை எடுத்து அவர்களிடம் நிதி கேட்பதோ வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதோ சட்டவிரோதம். அதேபோல், பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அந்த வழக்கில் இருப்பவர் இவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிறந்த தேதியோ பழைய முகவரியோ பொருந்தாதவரை அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.